தட்டி முடிக்கும் வரை

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் ‘கமா’ என்று பெயர். பேச்சின் நடுவில் நின்றுவிடுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்தது. கல்லூரிக்கும் கூடவே போய், வேலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பார். எனக்குத்தான் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவரோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் வாசலில் வந்து நின்று, "கமா இருக்காரா?" என்றார். "இங்க கமாவும் இல்ல, கேள்விக்குறியும் இல்ல" என்றேன். பாவம், வேறு வீடு என்று நினைத்து மாடி ஏறிப் போய்விட்டார்.

அவருக்குத் திக்குவாய். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிற வகை இல்லை. சொல் தொண்டை வரை வந்து அப்படியே நின்றுவிடும். அப்போது இடது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் வைத்து அழுத்துவார். கண் எதிரில் இருப்பவரை விட்டுக் கொஞ்சம் மேலே போகும். பிறகு சொல் வந்துவிடும், கட்டாயம் வரும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு அதுவரை பொறுமை இருந்தால்தானே? "பஸ்ஸா? பணமா? பாலா?" என்று ஏலம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

மற்ற சொற்களையாவது சமாளித்துவிடுவார். ‘பணம்’ வராவிட்டால் ‘காசு’, ‘மருந்து’ வராவிட்டால் ‘மாத்திரை’ என்று பக்கத்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவார். தன் பெயரில்தான் மாட்டிக்கொள்வார். பெயருக்கு ஏது பக்கத்துச் சொல்? வங்கியில், மருந்துக் கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில், எங்கே யார் "உங்க பேரு?" என்று கேட்டாலும் அவர் என்னைப் பார்ப்பார், நான் சொல்லிவிடுவேன். கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றைக்கும் அதிகாரி அவரைத்தான் கேட்டார், பதில் சொன்னது நான்தான். "மாப்பிள்ளை வாயத் திறக்க மாட்டாரா?" என்றார் அதிகாரி. "திறந்தா உங்களுக்கு இன்னிக்கு வேற கல்யாணம் நடக்காது" என்றேன். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

நான் வாயை வைத்துப் பிழைக்கிறவள். ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலை. எங்கள் பழக்கமே அந்த டெலிபோனில் ஆரம்பித்ததுதான். அவருடைய அப்பாவின் பரிசோதனை முடிவைக் கேட்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவள் இரண்டு தடவை எடுத்து, "யாரும் பேசல" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை நான் எடுத்தேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலில், "யாருங்க அது, மூச்சு விடறதுக்குன்னு போன் பண்றது? அத உங்க வீட்டுலயே விடுங்களேன்" என்று ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அடைப்பு விட்டுப்போய், அப்பாவைப் பற்றிய விவரம் முழுக்கச் சொல்லிவிட்டார். உங்கள் பெயர் என்ன என்றதும் மறுபடியும் மூச்சு. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அப்பாவின் பெயரை வைத்துப் பதிவில் இருந்த உறவுக்காரர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றுக்கு "ம்" என்றார். ஆக, அவர் பெயரை அவருக்கே முதலில் சொன்னதும் நான்தான்.

பேச்சில் இப்படி இருக்கிறவர் எழுத்தில் வேறு ஆள். கீபோர்டில் விரல் வைத்தாரென்றால் நிற்கவே மாட்டார். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறார். போக வேண்டிய ஊரின் பெயரை ஒரு பெட்டியில் தட்டுகிறோம் அல்லவா, இரண்டு எழுத்து தட்டியதுமே "இந்த ஊரா, அந்த ஊரா" என்று கீழே வரிசையாக வந்து விழுமே, அந்தப் பெட்டி அவர் பொறுப்பு. ஒருமுறை, தன் மகள் இருக்கிற ஊருக்குப் போக நினைத்த ஒரு பெரியவர், ஒற்றை விரலால் மெல்லத் தட்டும்போது, அது முந்திக்கொண்டு நீட்டிய வேறு ஊரைத் தெரியாமல் தொட்டுவிட்டார். பையும் கையுமாக முன்பின் தெரியாத ஊரில் இறங்கி நின்றாராம். கம்பெனிக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். அந்தப் போன் பேச்சின் ஒலிப்பதிவை என் வீட்டுக்காரர் கேட்டார். அன்று இரவு சாப்பிடும்போது, "பாவம், அவர் பாதிதான் சொல்லியிருந்தார். அதுக்குள்ள அது முடிச்சிருச்சு" என்றார்.

அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பொறுமைசாலி ஆக்குவதே அவருக்கு வேலையாகிவிட்டது. தட்டுகிறவரின் வேகத்தை அது கவனிக்கும். வேகமாகத் தட்டுகிறவருக்கு உடனே ஊர்களைக் காட்டும். மெதுவாகத் தட்டுகிறவருக்கு வாயைத் திறக்காமல் காத்திருக்கும். கேட்பதற்குச் சின்ன விஷயம். எத்தனையோ மாதம் அதோடு மல்லுக்கட்டினார். அதற்குப் பிறகு தப்பான ஊரில் இறங்கி நிற்கிறவர்களின் புகார் வருவது அநேகமாக நின்றுபோனது.

அவர்கள் தொழிலில் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டார ஊர்களில் இருக்கிற புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாம் ஒரு கல்லூரியில் கூடுவார்கள். யார் எதைப் பற்றிப் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். ஒரு குழு படித்துத் தேர்ந்தெடுக்கும். இவரும் வருஷா வருஷம் எழுதுவார். எழுதி அனுப்பாமலே வைத்திருப்பார். கடைசி நாள் தாண்டியதும் பெருமூச்சு விட்டு, நிம்மதியாகத் தூங்குவார். இந்த முறை ஆபீஸில் அவருடைய குழுத்தலைவி, இவரைவிட வயதில் சின்னவர், நேராகவே சொல்லிவிட்டார்: "சார், இந்த வருஷமும் டிராஃப்ட்லயே வெச்சீங்கன்னா, நானே உங்க பேர்ல அனுப்பிடுவேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். "ப்ரொபோசல் அனுப்பிட்டேன்" என்றார்.

"யாருக்கு? இந்த வயசுலயா?"

"மாநாட்டுக்கு."

"ஓஹோ. எனக்கு அனுப்பினதே இல்லியே நீங்க. நானாத்தானே எல்லாத்தயும் புரிஞ்சுக்கிட்டேன்!"

அவர் காது சிவந்துபோனது. மகள் சோபாவில் உருண்டு சிரித்தாள்.

அவருடைய பேச்சை ஏற்றுக்கொண்டார்கள் என்று சில வாரங்களில் பதில் வந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அது அடங்குவதற்குள் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் போட்டுவிட்டார்கள். மகள்தான் முதலில் போனில் பார்த்தாள். பார்த்ததும் போனை என்னிடம் நீட்டினாள். அப்பாவின் படம், பெயர், பேச்சின் தலைப்பு எல்லாம் சரியாக இருந்தன. தலைப்பு, ‘தட்டி முடிக்கும் வரை பொறுத்திருக்கும் பெட்டி’. அதற்குக் கீழே பேச்சைப் பற்றிய அறிமுகம் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

"குழுவினருக்கு வணக்கம். எனக்குத் திக்குவாய். பேச்சுக்கு இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு முப்பது வேண்டும். விஷயம் அதிகம் என்று இல்லை, ஆள்தான் மெதுவாக. நடுவில் நின்றுவிட்டால் மைக் பழுது என்று நினைத்து யாரும் ஓடிவர வேண்டாம். என்ன சொல்ல வருகிறேன் என்று தெரிந்தாலும் தயவுசெய்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். வந்துவிடும். என் சொல்லை முடித்துக் கொடுக்கிற வேலையை வீட்டில் ஒருவர் பார்த்து வருகிறார். பாதி நேரம் தப்பான சொல்லைத்தான் தருவார். ஆனாலும் அந்த வேலையை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் இல்லை. அதற்கு ஒருவரே போதும்."

படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாதி நேரமா? கால்வாசிகூட இருக்காது! அதற்குப் பிறகுதான் இது ஊரே பார்க்கிற இடத்தில் கிடக்கிறது என்பது மண்டையில் ஏறியது. அவர் எங்கள் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. படித்தார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்தது இதுதான். அந்த விண்ணப்பத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று எல்லோரும் படிக்கிற அறிமுகத்துக்கு, இன்னொன்று குழு மட்டும் படிக்கிற குறிப்புக்கு. என் வீட்டுக்காரர் மவுஸைத் தொடுவதைப் பாவமாக நினைக்கிறவர். டேப் விசையைத் தட்டித் தட்டியே பெட்டிக்குப் பெட்டி தாவுவார். அந்தப் பக்கத்தில் டேப் தட்டினால் முதல் பெட்டிக்குப் போகாமல் இரண்டாவதுக்குப் போய், பிறகு முதலுக்குத் திரும்பி வருகிறது. இவர் திரையைப் பார்க்காமல் வரிசைப்படி ஒட்டிவிட்டு வந்துவிட்டார். அறிமுகம் குறிப்புக்குப் போனது, குறிப்பு அறிமுகத்துக்கு வந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்ததால் வித்தியாசம் தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தது புரோகிராம். அதற்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனியிலிருந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தப் பக்கத்தில் டேப்பைத் தட்டிப் பார்த்து, "வரிசை தப்பு" என்று முணுமுணுத்தார். தலை போகிற நேரத்திலும் இவருக்குத் தப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நான் போனை எடுத்தேன். மாநாட்டை நடத்துகிற பெண்ணின் எண் அதே பக்கத்தில் இருந்தது.

"ஏம்மா, ஒரு மனுஷர் உங்களுக்கு மட்டும்னு நம்பி எழுதினத இப்படியா தூக்கி நடுத்தெருவுல வெப்பீங்க? போடறதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட படிக்க மாட்டீங்களா?"

அந்தப் பெண் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "எங்க தப்புதான் மேடம். இப்பவே எடுத்துடறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? எந்தப் பேச்சக் கேக்க வரப்போறோம்னு எல்லாரும் நட்சத்திரம் போடுவாங்க. இந்த வருஷம் சார் பேச்சுக்குத்தான் அதிகமா விழுந்திருக்கு. சாரைக் கேட்டுட்டு எடுக்கறேனே. பேசவே வேணாம்னு நினைச்சாலும் நாங்க புரிஞ்சுப்போம்." இன்னொன்றும் சொன்னாள். அங்கே பேச வருகிறவரை வேறு யாரும் அறிமுகப்படுத்துவது இல்லையாம். அவரவர் பெயரை அவரவரே சொல்லித்தான் ஆரம்பிப்பார்களாம். சாருக்குச் சிரமம் என்றால் தானே மேடையேறிப் பெயரைச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எடுக்கச் சொல்லிடறேன். பேச்சும் வேணாம். நிம்மதியா வீட்டுல இருங்க. சரியா?"

கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இருக்கட்டும்."

"எது? பேச்சா, அந்தக் குறிப்பா?"

"ரெண்டும். இனிமே அங்க போய் நான் எதயும்..." கட்டைவிரல் அழுந்தியது.

"விளக்க வேண்டியதில்ல" என்று முடித்தேன்.

தலையை ஆட்டி மறுத்தார். "ஒளிக்க வேண்டியதில்ல" என்றார்.

பாதி நேரம் என்று எழுதியிருந்தது பொய் இல்லை போலிருக்கிறது. பெயரையும் தானே சொல்லிக்கொள்வதாக அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரங்களில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவுதான் மாநாட்டு மண்டபம். அதற்கு எதிரில் நின்று தினமும் பேசுவார். மகள் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, இந்த இடத்துல சிரிப்பாங்க, ஒரு நிமிஷம் விடுங்க" என்று யோசனை சொல்லுவாள். நான் சமையலறையில் இருந்தபடியே கேட்பேன். தினமும் ஒன்றைக் கவனித்தேன். பேச்சை இரண்டாவது வரியிலிருந்துதான் ஆரம்பிப்பார். முதல் வரியை, ‘என் பெயர்’ என்பதை, ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை. அங்கே போய் அந்த வரியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வார்? அத்தனை பேர் முன்னாலும் தன் பெயரையே சொல்ல முடியாத ஆளாக அவர் நிற்பதை நினைத்து நினைத்து, இரண்டு நாள் குழம்பைத் தீய விட்டேன். எதையாவது கேட்டு அவர் தைரியத்தைக் கலைத்துவிடுவேனோ என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன்.

மாநாட்டுக்கு நானும் கூடப் போனேன். மகளுக்குப் பரீட்சை, வர முடியவில்லை. கல்லூரி வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார் பேரு?" என்றார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பழக்கத்தில் நான் சொல்லிவிட்டேன். உள்ளே எனக்கு ‘விருந்தினர்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். படிப்படியாக உயர்ந்து போகிற பெஞ்சுகள் போட்ட பெரிய வகுப்பறை. எல்லாப் பெஞ்சிலும் ஆட்கள், எல்லார் மடியிலும் லேப்டாப். சுவரோரம் நின்றுகொண்டும் சிலர். இத்தனை பேரா என்று பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசப் போகிறவள் நான்தான் என்பதுபோல இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டேன். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவர் மேடைக்குப் போனார். பின்னால் பெரிய திரையில் ஒரு காலிப் பெட்டி, அதற்குள் மின்னி மின்னி மறைகிற ஒரு சின்னக் கோடு. தட்டுவதற்காகக் காத்திருக்கிற கோடு. மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம். என் பேரு..."

நின்றுவிட்டது.

கட்டைவிரல் அழுந்துவதைப் பார்த்தேன். கண் எங்கள் தலைக்கு மேலே போனதைப் பார்த்தேன். அந்தப் பெயர் என் வாய்க்குள் தயாராக இருந்தது. எத்தனை கவுண்டரில் சொல்லியிருக்கிறேன்! ஒரு நொடியில் எழுந்து சொல்லிவிடலாம். கழுத்து அட்டையின் கயிற்றை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். மானம் போனாலும் பரவாயில்லை, வாய் திறந்துவிடக் கூடாது.

அறையில் அங்கங்கே கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தாமதமாக வந்த ஒருவர் கதவைப் பாதி திறந்தபடி, கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். யாரும் இருமவில்லை. யாரும் பக்கத்தில் இருப்பவர் காதில் எதையும் சொல்லவில்லை. நான் மெல்லத் திரும்பி முகங்களைப் பார்த்தேன். பரிதாபப்படுகிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டவள் நான். இது அது இல்லை. பஸ் வந்துவிடும் என்று தெரிந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் முகம். எல்லோரும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள். எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார். கொடுக்கவில்லை. திரையில் அந்தக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

பிறகு சொன்னார். பெயரை மட்டுமில்லை, இனிஷியலோடு சேர்த்து முழுசாகச் சொன்னார்.

நான் அழுதுவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. டெலிபோனில் "ம்" என்று மட்டும்தான் சொன்னார். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். நான் சொல்லும்போது அது ஒரு தகவல், அவ்வளவுதான். அவர் சொன்னபோது எவ்வளவு அழகான பெயராக இருந்தது!

அதற்கப்புறம் பல இடத்தில் நின்றார். நின்ற ஒவ்வொரு இடத்திலும் அறையும் நின்றது. வழி தவறி இறங்கிய அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "எனக்கும் இந்தப் பெட்டிக்கும் நல்லா ஒத்துப்போகும். நான் காக்க வைப்பேன், அது காத்திருக்கும்" என்றபோது, மகள் சொன்ன அதே இடத்தில், சிரித்தார்கள். முப்பது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நேரமாகிவிட்டது என்று அட்டை காட்ட வேண்டியவள், நான் போனில் திட்டிய அதே பெண், அந்த அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒருவர்கூட அவர் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. விண்ணப்பத்தில் டேப் வரிசையைச் சரிசெய்துவிட்டதாக அந்தப் பெண் வந்து சொன்னாள். இவருக்கு அதில்தான் ரொம்பச் சந்தோஷம்.

வெளியே வரும்போது வாசலில் அதே காவலாளி. போகும்போதும் பெயரைச் சொல்லிக் கணக்கு முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். "சார் பேரு?" என்றார்.

நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு, எதிரில் இருந்த மரத்தைப் பார்த்தேன். இனிமேல் இந்த ஜென்மத்தில் அவர் சொல்லில் மூக்கை நுழைப்பதில்லை என்று உள்ளேயே முடிவு செய்திருந்தேன். நேரம் போனது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் என்னை முழங்கையால் இடித்தார்.

"என்ன?"

"சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. அத்தன பேர் முன்னாடி சொன்னீங்கள்ல?"

அவர் முகத்தில் களைப்பும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. "அது அவங்களுக்கு" என்றார். "இது உன்..." கட்டைவிரல் அழுந்தியது. நான் காத்திருந்தேன். காவலாளியும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "உன் வேல" என்றார்.

சொன்னேன். இனிஷியலோடு.